பெரிய சாரின் காது

ஈரக் கோணிப்பையின் புளித்த வாடை எங்கிருந்தாவது வந்து மூக்கில் ஏறினால் போதும், வேங்கிக்காலில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் பின்பக்கக் கொட்டகையும், அங்கே கோணிப்பை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த களிமண் தலையும் எனக்கு ஞாபகம் வந்துவிடும். என் அப்பா சிற்பி. ஊர் ஊராகப் போய்ச் சாமிகளையும் தலைவர்களையும் சிமெண்டில் செய்து அலுத்துப்போயிருந்தவருக்கு, கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்காக, இறந்துபோன தலைமையாசிரியரின் மார்பளவுச் சிலையை வெண்கலத்தில் செய்யும் வேலை வந்தது. அதுதான் அவருடைய முதல் வெண்கலம். கடைசியும் அதுதான்.

எல்லோரும் "பெரிய சார்" என்று சொன்ன அந்த மனிதரை அப்பா ஒரு நாளும் பார்த்ததில்லை. அவருடைய மகன் கொடுத்துவிட்டுப் போனது, நேராக முகம் காட்டும் ஒரே ஒரு போட்டோ. வார்ப்புக்கு முன்னால் செய்யும் களிமண் தலையில் முகம் பத்து நாளில் அச்சாக வந்துவிட்டது, காதுதான் வரவில்லை. நேராக எடுத்த போட்டோவில் காது எங்கே ஒழுங்காகத் தெரிகிறது? பௌர்ணமி சாயங்காலம் கிரிவலப் பாதை ஓரத்தில் என்னையும் உட்காரவைத்துக்கொண்டு, போகிற வருகிற கிழவர்களின் காதுகளையே அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊர்ல இருக்கறவங்க காதையெல்லாம் இப்படி மொறச்சுப் பாத்தா அடிக்க வரமாட்டாங்களா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

கடைசியில் இரண்டு கண்ணாடிகளைக் கொண்டுவந்து, ஒன்றை என்னைப் பிடிக்கச் சொல்லி, தன் காதையே பார்த்துச் செய்தார். ஏதோ கோபுர வேலையில் கட்டுக்கம்பி கிழித்து, இடது மடலில் அவருக்கு ஒரு சின்ன வெட்டு உண்டு. அதையும் விடவில்லை.

"பெரிய சாருக்கு ஏது இந்த வெட்டு?" என்றாள் அம்மா.

"எதிர்ல இருக்கறதத்தான்டி என்னால செய்ய முடியும்."

களிமண் தலை அந்த வெட்டோடேயே வெண்கலமாக வார்க்கப்பட்டது. திறப்பு விழாவில் பெரிய சாரின் மகன், "எங்கப்பாவே உக்காந்திருக்கறா மாதிரி இருக்குங்க" என்று அழுதார். காதை அவரும் கவனிக்கவில்லை. அம்மாவும் நானும் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

ஊரார் முகத்தையெல்லாம் செய்த அப்பா, தன்னை ஒரு போட்டோகூட உருப்படியாக எடுத்துக்கொள்ளவில்லை. ரேஷன் கார்டில் இருக்கும் கறுத்த முகம் ஒன்றுதான் எங்களுக்கு மிச்சம். அதனால் அவர் போன பிறகு வருஷா வருஷம் திதி முடிந்ததும் பஸ் ஏறிப் போய், அந்தச் சிலையின் காதில் இருக்கும் வெட்டை விரலால் தடவிவிட்டு வருகிறேன். ஆனால் பெரிய சாரின் நினைவு நாள் வந்தால் அங்கே தங்க பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். வெண்கலத்துக்குப் பெயிண்ட் வேண்டாம் என்று நான்கு வருஷமாகச் சொல்கிறேன், தலையாட்டுகிறார்கள், அடிக்கிறார்கள். சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

இந்த வருஷமும் போனேன். இமையும் நெற்றிச் சுருக்கமும் பெயிண்டில் மூழ்கிக் கிடந்தன.

"கறுத்துப் போச்சேன்னு ரெண்டு கோட்டு ஜாஸ்தியாவே அடிச்சுட்டோம்மா. எப்படிப் பளபளன்னு இருக்கு பாருங்க" என்றார் வாட்ச்மேன்.

"நல்லா இருக்குங்க" என்று சொல்லிவிட்டு இடது காதைத் தடவினேன். வெட்டே இல்லை. வழவழவென்று, முழுசாக, அது இப்போது யாருடைய காதாகவோ இருந்தது.