காப்புக் கட்டிய கை

என் பெரியம்மா அழகம்மாவுக்கு வந்த நோயின் பெயரை எங்கள் லயத்து வீடுகளில் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ‘பொம்பளைச் சீக்கு’ என்பார்கள். மலாயாவில் சுங்கைப் பட்டாணிக்கு அருகிலிருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் அவள் பால் மரம் வெட்டினாள். பிள்ளையில்லை, அதனாலோ என்னவோ லயத்துப் பிள்ளைகள் எல்லாரையும் அதிகாரம் செய்வாள். உதிரம் நிற்காமல் போனபோது தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெசர் கொடுத்தது, இருமலுக்கும் கொடுக்கிற அதே கலர் தண்ணீர். மாதக்கணக்கில் அதைக் குடித்தாள்.

கடைசியில் டவுன் ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் பார்த்தார். கருப்பை வாயில் புற்று, ரேடியம் வைத்தால் பிழைக்கலாம், தாமதிக்காதே என்றார். ரேடியம் எங்கள் கெடா மாநிலத்தில் ஏது? சிங்கப்பூருக்கு ரயிலேற வேண்டும். அவரே எழுதிப்போட்டு அங்கே ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில் வாங்கிக் கொடுத்தார். குறித்த நாளில் போகாவிட்டால் அது வேறொருத்திக்குப் போய்விடும்.

சிங்கப்பூர் கிடக்கட்டும், தோட்டத்து வாசலைத் தாண்டுவதே அப்போது பெரும்பாடு. வெள்ளைக்கார சர்க்காரின் அவசரகாலம். லயங்களைச் சுற்றி முள்வேலி. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று வெளியே போகிற எல்லாரையும் தடவிப் பார்த்தார்கள். பெண்களைத் தடவிப் பார்க்கும் வேலை பக்கத்து வீட்டுப் பிரேமாவதிக்கு.

அது மாரியம்மன் திருவிழா வாரம். பிரேமாவதி தீமிதிக்கு நேர்ந்து காப்புக் கட்டியிருந்தாள். தீட்டானவர்கள் வாசல் பக்கமே வராமல் ஒதுங்கிக்கொண்டார்கள். பெரியம்மா எப்படி ஒதுங்குவது? கார் வெளியே நின்றது. பெரியப்பா சின்னையா டிரங்குப் பெட்டியோடு முன்னால் போய்விட்டார். பிரேமாவதி கையை நீட்டினாள். பெரியம்மா பின்வாங்கினாள்.

“என்னைத் தொடாத பிரேமா.”

“என்னாக்கா இது, தங்கக் கட்டி வச்சிருக்கவ மாதிரி! ஒரு தடவு தடவிட்டு விட்டுர்றேன்லா.”

“தொடாதன்னா தொடாத.”

இடுப்பில் துணி தடிப்பாகத் தெரிந்தது. வாசல் காவலுக்கு நின்ற போலீஸ் சார்ஜன் அதைத்தான் பார்த்தான். “பேராஸ்?” என்று மலாயில் கேட்டான். அரிசிதான், வேறென்ன இருக்க முடியும் அவனுக்கு! சுற்றிலும் ஆண்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் சொல்லவில்லை.

“வாயத் தொறந்து சொல்லேன்டி, ரயிலு போயிரும்!” என்று பெரியப்பா கத்தினார். அவருக்குத் தெரியாதா? அவராவது சொன்னாரா? ஆம்பிளை எப்படிச் சொல்வது என்று அவருக்குக் கூச்சம்.

போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். நர்ஸ் ஒருத்தியை வரவழைத்து, அரிசியில்லை, ரத்தம் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் ரயில் போய்விட்டது. கட்டிலும் போய்விட்டது.

சாயங்காலம் பிரேமாவதி பெரியம்மா வீட்டு வாசலில் நின்று கத்தினாள். “சாடையா ஒரு வார்த்த சொல்லியிருந்தா கங்காணி பொஞ்சாதியக் கூப்பிட்டுத் தடவச் சொல்லியிருப்பேனே, பாவி!”

“நீ தீ மிதிக்கணும்டி. காலு வெந்துபோச்சுன்னா?”

இதுதான் அவள் பதில். அது தீட்டே இல்லை, நோய். அதை யார் அவளுக்குச் சொல்வது? இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பிரேமாவதியின் காலில் ஒரு கொப்புளம்கூட வரவில்லை.

அடுத்த கட்டில் கிடைத்தபோது மழைக்காலம் முடிந்திருந்தது. லேடி டாக்டர் மறுபடி பார்த்துவிட்டு, நோய் பரவிவிட்டது, இனி ரேடியத்தால் பயனில்லை, அத்தனை தூரம் அலைக்கழிக்காதீர்கள் என்றார். பெரியம்மா லயத்திலேயே செத்தாள்.

சுடுகாடு வேலிக்கு வெளியே இருந்தது. வாய்க்கரிசி கொண்டுபோக வேண்டும். அரிசி வெளியே போகக் கூடாது. அதே சார்ஜன். ஒரு கிண்ணம் அரிசிக்காகப் பெரியப்பா அவன் முன்னால் கும்பிட்டுக்கொண்டு நின்றார். கடைசியில், வாசலுக்கு உள்ளேயே பாடையை இறக்கி அரிசியைப் போட்டுவிட்டுப் போங்கள் என்றான். பெரியப்பா போட்டார். உறவுக்காரர்கள் போட்டார்கள். கடைசிப் பிடியைப் பிரேமாவதி போட்டு, வெறுங்கையால் பெரியம்மாவின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

பாடையைத் தூக்கினார்கள். வாய் நிறைய அரிசியோடு அவள் வாசலைத் தாண்டினாள். யாரும் தடவிப் பார்க்கவில்லை.