இடது கைச் சிலுவை

எழுபதுகளில் தூத்துக்குடியில், ஓர் ஆஸ்பத்திரியின் மூட்டுவலிப் பிரிவில் இளம் டாக்டராக இருந்தேன். வலை பின்னும் செலின் அம்மாள் மாதாமாதம் வருவார். அன்று அவர் விரல்களை அமுக்கிப் பார்த்தேன், வீக்கம் இல்லை. ரத்தப் பரிசோதனையும் நன்றாக இருந்தது. அட்டையில் ‘குணம்’ என்று எழுதி, மாத்திரையைப் பாதியாகக் குறைத்தேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டு கிளம்பினார்.

நர்ஸ் தயங்கினார். “டாக்டர், அந்தக்கா இடது கையால சிலுவை போடுதாவ. கத்தோலிக்கர் நாங்க யாரும் அப்படிப் போட மாட்டோம், வலது கையாலதான்.”

நான் பக்கத்து நாசரேத் ஊர்க்காரன், புராட்டஸ்டன்ட். எங்கள் சபையில் சிலுவை போடும் வழக்கமே இல்லை. மாதக்கணக்காகக் கண்முன் நடந்தது எனக்கு உறைக்கவில்லை.

வலது கையைத் தூக்க முடியவில்லையோ என்று பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அவர் ஊரான மணப்பாட்டுக்குப் போகும் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னல் ஜன்னலாகத் தேடிக் கண்டுபிடித்தேன்.

“வலது கைக்கு என்னம்மா?”

“நெத்திக்கு எட்ட மாட்டேங்கு ஐயா. தோள் அப்படி வலிக்கி. தலைகூட மகதான் வாரிவிடுதா. வீக்கம் வத்திட்டுன்னு நீங்க அவ்வளவு சந்தோஷமாச் சொன்னீய. எப்படிச் சொல்ல?”

அட்டையை வாங்கி ‘குணம்’ என்பதை அடித்துவிட்டு, மாத்திரையைப் பழைய அளவுக்கே மாற்றி, அவர் சொன்னதை அப்படியே எழுதினேன்.

அதன்பிறகு யார் விரலைத் தொடும் முன்பும், “வீட்டில் எந்த வேலை முடியவில்லை?” என்றுதான் கேட்டேன். ஆனாலும் ‘குணம்’ என்று எழுதப்போகும்போதெல்லாம் பேனா நின்றுவிடுகிறது. அந்த பஸ் போயிருந்தால்?