மைனி காலில் எழுதிய கோடு

என் கணவரின் அக்கா கோமதியம்மாள், எனக்கு மைனி, மும்பை தாராவியில் வடைக்கடை வைத்துப் பிழைப்பவர். விடியலில் அடுப்படியில் நின்றால் மதியம்வரை நிற்க வேண்டும். கால் போனால் கடை போயிற்று. ஆனால் மைனி, தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம்.

போன மழையில் தண்ணீர் டிரம்மின் தகரம் கெண்டைக்காலைக் கிழித்தது. புண்ணைச் சுற்றிச் சிவந்து, வீங்கி, கொப்புளம் கண்டது. டாக்டரிடம் போவோம் என்றேன்.

"ஏளா, இது அக்கி பாத்துக்க. கொயவரு காவி வச்சு எழுதுனாத்தான் அடங்கும்."

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து வழக்கம் அது. அக்கிக்குக் குயவர் காவியைக் குழைத்து உடம்பில் சிங்கம் எழுதுவார். இங்கே கும்பார்வாடாக் குயவர்களோ குஜராத்திகள். அக்கி என்ற பேரே கேட்டறியாதவர்கள். அதற்கெல்லாம் மைனி அசருவாரா? அகல் விளக்குக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்த ஒருவர் முன்னால் காலை நீட்டி, "பையா, ஷேர் பனாவ், ஷேர்!" என்று இந்தியில் சிங்கம் போடச் சொல்லி அதட்டியிருக்கிறார். பாவம், அந்த மனிதருக்குச் சிங்கம் வரவில்லை. முழங்காலுக்கு மேல்வரை காவியை அப்பி, ஒரு மயிலைப் போட்டு அனுப்பிவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிவந்த காலில் சிவப்பு மண்ணை அப்பினால், சிவப்பு எதுவரை ஏறுகிறது என்று யாருக்குத் தெரியும்? குளிர்காய்ச்சலில் மைனி பிதற்றத் தொடங்கிய பிறகுதான் காவியைக் கழுவ விட்டார். சிவப்பு முழங்காலைத் தாண்டியிருந்தது. அப்படியே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

தோலுக்கடியில் கிருமி பரவிவிட்டது, மருந்தைப் பாதியில் நிறுத்தினால் காலுக்கே ஆபத்து என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். சிவப்பின் விளிம்பை ஒட்டிப் பேனாவால் ஒரு கோடு போட்டார். சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டாமல் உள்ளே சுருங்கினால் மருந்து கேட்கிறது என்று அர்த்தமாம். ட்ரிப்ஸ் ஏற ஏறச் சுருங்கியது.

மைனி கண் விழித்ததும் கோட்டைத்தான் பார்த்தார். "பாத்தியா மாலதி? பெரிய டாக்டரும் எழுதத்தான செய்தாரு? அதான் இறங்குது."

தலையில் அடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் வலி நின்றது. கூடவே மாத்திரையும் நின்றது. "அதான் எழுதியாச்சுல்லா, பொறவு மாத்திரை எதுக்கு?" கெஞ்சினேன், கத்தினேன், அவர் தம்பியை விட்டு மிரட்டினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். கடைசியில் பேனாவை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"தினமும் எழுதணுமாம் மைனி. மாத்திரைய முழுங்கிட்டு எழுதுனாத்தான் பலிக்குமாம்."

உடனே வாயைத் திறந்தார், காலையும் நீட்டினார்.

எழுதுவதெல்லாம் மூடத்தனம் என்று சந்து முழுக்கக் கத்திய நான், மாத்திரை தீரும்வரை தினமும் நாத்தனார் காலில் கோடு கிழித்தேன். கால் பிழைத்தது. மைனி பழையபடி அடுப்படியில் நின்றதைப் பார்த்து அழுதும்விட்டேன். அவருக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. வடை வாங்க வந்தவர்களிடமெல்லாம் என் கைராசியைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்று காலை கதவைத் திறந்தால், பக்கத்து வீட்டு ஜுவைரியா சீழ்க்கட்டி வந்த முழங்கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். பேனாவும் அவளே கொண்டுவந்திருக்கிறாள்.