கேன்டீனுக்கு எதிராக ஒரு நோட்டீஸ்

பஸ் டிப்போவில் நோட்டீஸ்காரர் என்றால் கேட் காவலாளிக்கும் தெரியும். பிரேக் ஃபிட்டர், இருபத்தாறு வருஷம் சங்கச் செயலாளர். பதவியை விட்டபின் எதிர்க்க ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் டாக்டர், "சர்க்கரையைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க" என்றார்.

கொஞ்சம் குறைப்பது அவருக்குப் பழக்கமில்லை. முதல் மாதம் சர்க்கரை வெளியேற்றப்பட்டது. அடுத்து உப்பு, எண்ணெய், பால். பிறகு பாக்கெட்டில் வரும் எல்லாமே. கடைசியாக, அடுத்தவர் சமைத்த எதுவும். வீட்டில் தனி அடுப்பு, தனிச் சட்டி, ஒரு தராசு. வேகவைத்த பூசணி நூற்றைம்பது கிராம், ஊறவைத்த விதை முப்பது கிராம். ஒரு கிராம் கூடினால் அன்று முழுக்க மனசு சரியிருக்காது. மகள் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டியபோது, துணி எடுக்கப் போகிறேன் என்று மாடிக்கு நழுவினார். கொடியில் துணியே இல்லை.

"உங்களுக்கு வந்திருக்கிறது நோய் இல்லைங்க, கொள்கை. நோய்னா மாத்திரை குடுத்துடலாம்" என்றாள் மனைவி.

டிப்போவிலும் கேன்டீனை விட்டு, கருவி அறையில் தனியாக டப்பாவைத் திறந்து மென்றுகொண்டிருந்தார். உலகமே தப்பாகத் தின்கிறது, நான் ஒருத்தன்தான் சரியாகத் தின்கிறேன் என்ற மிதப்பு, விதையைவிட அதிகமாக வயிற்றை நிரப்பியது.

அதோடு விட்டிருந்தால் தொல்லை அவருக்கும் பூசணிக்கும் மட்டும். அவர் நோட்டீஸ் போட்டார். "தோழனே! உன் தட்டில் இருப்பது உணவல்ல, சதி! கேன்டீன் எண்ணெயைப் புறக்கணி!" முந்நூறு பிரதி. தோழர்கள் படித்துச் சிரித்துவிட்டு, அதிலேயே கை எண்ணெயைத் துடைத்துக்கொண்டார்கள்.

நிர்வாகம் சிரிக்கவில்லை. பத்திரமாக ஃபைலில் வைத்தது.

மூன்றாம் வாரம் பலகையில் அறிவிப்பு: தொழிலாளர்களே கேட்டுக்கொண்டபடி, அவர்கள் உடல்நலன் கருதி, ஒன்றாம் தேதியிலிருந்து கேன்டீன் மூடப்படும். அந்த இடத்தில் வறுத்த விதைப் பாக்கெட் விற்கும் இயந்திரம் வரும். கீழே ஆதாரமாக நோட்டீஸின் நகல்.

அந்தக் கேன்டீன் சும்மா வந்ததல்ல. சூடான சாப்பாடு கேட்டு, பதினொரு நாள் வண்டி எடுக்காமல் நின்று வாங்கியது. நிற்கவைத்ததே இவர்தான். பதினொரு நாளில் வாங்கியதை ஒரே பக்கத்தில் திருப்பிக் கொடுத்த தலைவர், சங்க வரலாற்றில் இவர் ஒருத்தர்தான்.

அன்று மதியம் கேன்டீன் அக்கா கருவி அறைக்கு வந்து நின்றாள். சத்தம் போடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அண்ணே, பதினாலு வருஷம் என் கையால சாப்பிட்டீங்க. சதின்னு தோணியிருந்தா என்கிட்டயே சொல்லியிருக்கலாமே. நானும் உள்ள இருக்கிற ரெண்டு பொண்ணுங்களும் இப்ப எங்க போறது?"

"நான் மூடச் சொல்லலையேம்மா. எண்ணெயைத்தான்..."

"எல்லாரும் என்னத்துக்கு வர்றாங்கன்னு நினைச்சீங்க? விடிகாலையில வண்டி எடுத்தவன் சூடா ஏதாவது வேணும்னு வர்றான். இன்னொருத்தன் வீட்டுல பேச ஆளில்லைன்னு வர்றான். உடம்பைத் தேத்தவா வர்றாங்க?"

அவர் மென்றுகொண்டே இருந்தார். வாயில் விதை இருந்தது வசதியாகப் போயிற்று.

பின்னாலேயே இப்போதைய செயலாளர், எலக்ட்ரீஷியன் பெண், வந்தாள்.

"தோழர், எந்திரிங்க. தொழிலாளி கேட்டதுன்னு சொல்லித்தான் மூடறாங்க. கேட்டவரே உக்காந்து சாப்பிட்டா அந்தச் சாக்கு போயிடும்."

"வாபஸ் வாங்கறேன்னு எழுதித் தர்றேன்மா."

"எழுத்து வேணாமாம். 'அவர் எழுத்துல கெட்டிக்காரர், சாப்பிடட்டும் பார்க்கலாம்'ங்கறார் மேனேஜர். கேன்டீன்லதான் உக்காந்திருக்கார்."

எழுபது பேர் பார்க்க, அக்கா தட்டை வைத்தாள். சூப், ரொட்டி, ஓரத்தில் குவியலாகப் பொரித்த உருளைக்கிழங்கு. போலீஸ் தடி ஓங்கியபோது ஓரடி பின்வாங்காதவர் நாற்காலியோடு பின்வாங்கினார். கிழங்குக்கு!

"எத்தனை கிராம் இருக்கும்?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

"தின்னுங்க தோழரே, கிழங்கு கடிக்காது!" என்றான் பின்வரிசை டிரைவர் ஒருவன்.

கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை வாயில் போட்டார். பயம் போகவில்லை. இரண்டாவதையும் பயந்துகொண்டேதான் தின்றார். ஆனால் தின்றார். பக்கத்தில் இருந்த கண்டக்டர் தண்ணீரை நகர்த்தி வைத்து, மகன் பரீட்சையில் கோட்டை விட்ட கதையைச் சொல்லத் தொடங்கினான். ஏழு மாதமாக அவரிடம் யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை.

தட்டு காலியாகும்வரை மேனேஜர் பார்த்தார். "இன்னிக்குச் சாப்பிட்டார். நாளைக்கு இன்னொரு நோட்டீஸ் போட்டா?"

செயலாளர் தயாராகத்தான் வந்திருந்தாள். கையிலிருந்த தாளில் ஏற்கெனவே தட்டச்சாகியிருந்தது: கேன்டீன் தொடரும், நோட்டீஸ் எழுதியவர் ஓய்வுபெறும்வரை வேலைநாள்தோறும் அங்கேயே சாப்பிடுவார்.

மேனேஜர் முகத்தைச் சுளித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அடுத்து இவர் முறை. ஓய்வுக்கு இன்னும் இருபத்திரண்டு மாதம் இருந்தது. பேனாவை வாங்கிக்கொண்டு பேரத்தில் இறங்கினார்.

"வாரத்துல மூணு நாள்?"

"தினமும், தோழர்."

"சரி, பொரிச்சது மட்டும் பாதி?"

செயலாளர் அக்காவைப் பார்த்தாள். அக்கா கரண்டியோடு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, "முழுசு" என்றாள்.

எத்தனையோ மேனேஜர்களிடம் சலுகை பிடுங்கிய மனிதர், ஒரு துண்டு கிழங்கைக்கூடக் குறைக்க முடியாமல் கையெழுத்துப் போட்டார்.