குப்பைப் பையில் இருந்த ஊசி

கல்பாக்கத்தை ஒட்டி நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மாடியில் இரண்டு போர்ஷன். ஒன்றில் நானும் என் கணவரும். மற்றதில் ஒப்பந்த வேலைக்கு வந்திருந்த இரண்டு பேச்சிலர்கள். கீழே ஹவுஸ் ஓனர் அம்மாவும் அவர் கணவரும்.

குழந்தைக்காக அப்போது செங்கல்பட்டில் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தோம். சிறுசேரி ஆபீஸிலிருந்து கேப் என்னை இறக்கிவிட்டதும் கதவைத் தாழ் போட்டுக்கொள்வோம். என் கணவர் என் வயிற்றில் ஊசி போடுவார். பேனா மாதிரி இருக்கும் அது. ஒவ்வொரு தடவையும் நுனியில் புது ஊசியைத் திருகிக்கொள்ள வேண்டும்.

இதை யாருக்கும் சொல்லவில்லை. ஓனர் அம்மா என்னைப் பார்த்தாலே முதலில் வயிற்றைத்தான் பார்ப்பார். அப்புறம்தான் முகத்துக்கு வருவார். அதனால் மருந்தை ஃப்ரிட்ஜில் காய்கறிக்கு அடியில் வைத்தேன். கழற்றிய ஊசிகளைக் கெட்டியான காலி பினாயில் பாட்டிலில் போட்டு மூடி, பீரோவுக்குள் வைத்தேன். குப்பையில் மட்டும் போட்டுவிடாதீர்கள், பாட்டில் நிரம்பியதும் மூடிக்கு மேல் டேப் ஒட்டி எங்களிடமே கொடுத்துவிடுங்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தார்.

ஒரு சனிக்கிழமை காலை குப்பை வண்டி ஓட்டி வரும் அக்கா கேட்டருகே விரலைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் மூன்று வீட்டுப் பைகளும் ஒரே டிரம்மில்தான் கிடக்கும். ஒரு பையை அள்ளும்போது கையுறையைத் துளைத்துக்கொண்டு ஊசி ஏறியிருந்தது. பை கிழிந்து எல்லாம் கலந்துவிட்டதால் யார் வீட்டுப் பை என்று தெரியவில்லை. அவர் விரலைக் கழுவிக்கொண்டு, அந்த ஊசியை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு எடுத்துக்கொண்டு, துப்புரவு மேஸ்திரியோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

ஓனர் அம்மாவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"மேல கீற பசங்க வேலைதான் இது. போதை ஊசி போட்டுகினு கீறானுங்க."

அவர்கள் பகலில் தூங்குவதும், ஜன்னலைத் திறக்காததும், ஒருவன் மெலிந்துகொண்டே வருவதும் அன்றைக்கே சாட்சியாகிவிட்டன. நைட் ஷிப்ட் முடித்து வருகிறவன் வேறெப்போது தூங்குவான் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. ஊசி என்ற சொல்லைக் கேட்டதிலிருந்தே பீரோவுக்குள் இருந்த பாட்டில்தான் என் நினைவில் இருந்தது.

மாடிக்கு வந்து பினாயில் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தேன். எத்தனை இருக்க வேண்டும் என்று எனக்கே தெரியாது. ஸ்டாஃப் பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் கையில் இருப்பதை எங்காவது போட்டுவிட்டுப் போகிறவர் என் கணவர். போன வாரம் படுக்கையறையை அவர்தான் பெருக்கினார், குப்பையையும் அவர்தான் கட்டினார். அவர் குளித்துவிட்டு வந்தபோது நான் பாட்டிலும் கையுமாக நின்றிருந்தேன்.

"என்னைச் சந்தேகப்படுறியா?" என்றார்.

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. அன்று சாயங்காலம் ஊசி போட்டு முடித்ததும், கழற்றியதை என் கண்ணுக்கு நேராக நீட்டிக் காட்டிவிட்டுப் பாட்டிலில் போட்டார்.

மறுநாள் மாலைக்குள் காலி செய்ய வேண்டும் என்று பேச்சிலர்களுக்கு உத்தரவாகிவிட்டது. அவர்களில் மெலிந்தவன் மாடிப்படியில் என்னை நிறுத்தினான். நாங்கள் அப்படிப்பட்டவர்களா என்று கேட்டான். இல்லை என்றேன். அவன் என் கதவைப் பார்த்தான்.

"உங்க கதவும்தான்க்கா சாயங்காலமானா சாத்தியே இருக்கு."

அவன் மிரட்டவில்லை. யோசித்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். இப்படியே விட்டால் இந்த வீட்டில் ஒவ்வொருவரும் மற்றவர் குப்பையைக் கிளறிக்கொண்டிருப்போம் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை காலை குப்பை வண்டிச் சத்தம் கேட்டதும் பாட்டிலை எடுத்துக்கொண்டு கீழே போனேன். என் கணவர் தடுக்கவில்லை, கூட வரவும் இல்லை.

அந்த அக்காவுக்கு ரத்தம் எடுத்து, மாத்திரை கொடுத்து, மறுபடி சோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். யார் போட்டுக்கொண்ட ஊசி என்று தெரிந்தால் நல்லது என்றாராம் டாக்டர். ஓனர் அம்மாவும் அங்கே இருந்தார். வீட்டில் ஊசி போட்டுக்கொள்வது நான்தான் என்றேன். எதற்கு என்பதையும் சொன்னேன். சொல்லும்போது தரையைத்தான் பார்த்தேன்.

அக்கா தீப்பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்ததும் பேனா ஊசிதான். என் பாட்டிலைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். தீப்பெட்டியில் இருந்ததன் திருகும் பகுதி பச்சை நிறம். என் பாட்டிலில் இருந்தவை எல்லாம் சாம்பல் நிறம்.

வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஓனர் எழுந்து வந்தார். அதிகம் பேசாத மனிதர். தீப்பெட்டிக்குள் குனிந்து பார்த்தார்.

"இது என்னுது," என்றார். இன்சுலின் போட்டுவிட்டு, தினமும் காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போட்டுவந்திருக்கிறார்.

ஓனர் அம்மா கணவரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"அது சுகர் ஊசியாச்சே," என்றார், அது வேறு ஏதோ பொருள் என்பதுபோல. தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவர். பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவர் தேடிய ஊசி வேறு.

ஓனர் அன்றே அக்காவுடன் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தன் ரத்தத்தையும் சோதனைக்குக் கொடுத்தார். இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை என்று வந்தது. ஆனால் அக்காவின் கடைசிச் சோதனை முடியச் சில மாதங்கள் ஆயின. அதுவரை அவர் வீட்டில் கணவரையும் பிள்ளைகளையும் தன் தட்டைக்கூடத் தொடவிடவில்லை. அதனால் பரவாது என்று டாக்டர் சொல்லியும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

நான் கொடுத்த இன்னொரு பினாயில் பாட்டிலில் ஓனர் தன் ஊசிகளைப் போட ஆரம்பித்தார். செங்கல்பட்டுக்குப் போகும்போது இரண்டு பாட்டில்களையும் நானே கொண்டுபோய் நர்ஸிடம் கொடுப்பேன். என் சிகிச்சை விவரம் ஒரே வாரத்தில் தெரு முழுக்கப் போய்விட்டது. அந்தத் தடவை கரு நிற்கவில்லை என்பதும் அப்படியே போனது.

பேச்சிலர்களை இருக்கச் சொன்னார் ஓனர். இருந்தார்கள். அடுத்த மாதம் அவர்களாகவே வேறு வீடு பார்த்துக்கொண்டார்கள். சாமான்களை ஏற்றும்போது ஓனர் அம்மா கேட்டருகே நின்று ஒவ்வொரு மூட்டையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.