பொருள்: ஒரு சாண் இன்ஜினுக்கு ஒலிபெருக்கி

வேங்கிக்கால் புது மனைப்பிரிவில் கடைசி வீடு இருசப்பனுடையது. முப்பத்து நான்கு வருஷம் ஓர் அலுவலகத்தின் கொள்முதல் பிரிவில் இருந்தவர். குண்டூசி வாங்குவதென்றாலும் மூன்று கடையில் விலைப்புள்ளி கேட்பார், ஒப்பீட்டுப் பட்டியல் போடுவார், குறிப்பு எழுதிக் கையெழுத்துக்கு அனுப்புவார். குண்டூசி வந்து சேர்வதற்குள் குத்த வேண்டிய காகிதம் பழுப்பேறியிருக்கும். ஆனால் முப்பத்து நான்கு வருஷத்தில் அவர் மேல் ஒரு தணிக்கைக் குறிப்பு கிடையாது. ஓய்வு பெற்ற பிறகும் தக்காளிக்கு மூன்று கடையில் விலை விசாரித்துக்கொண்டு திரும்புவார். அதற்குள் மனைவி கஸ்தூரி புளியைக் கரைத்துக் குழம்பை இறக்கியிருப்பாள்.

அப்படிப்பட்டவருக்கு மருமகன் மாறன் வெளிநாட்டிலிருந்து ஒரு பொம்மை ரயில் கொண்டுவந்து கொடுத்தான். பொம்மை என்று சொன்னால் இருசப்பனுக்குக் கோபம் வரும்; மாடல் என்று சொல்ல வேண்டும். ஒரு சாண் நீளத்தில் நீல நிற டீசல் இன்ஜின், பின்னால் நான்கு பெட்டி, சாப்பாட்டு மேஜையைச் சுற்றி வரத் தண்டவாளம். இன்ஜினுக்குள் ஒரு சின்ன போர்டு இருக்கிறது. நிஜ இன்ஜினின் உறுமல், ஹாரன், பிரேக் போட்டால் வரும் கிறீச் எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன. அவற்றை வெளியே கேட்கவைப்பது விரல் நகம் அளவில் ஒரு ஸ்பீக்கர். விவகாரம் அந்த நகத்தில்தான் ஆரம்பித்தது.

மாறனின் அப்பா தசரதன் ஜோலார்பேட்டைக்காரர், முப்பது வருஷம் டீசல் இன்ஜின் ஓட்டியவர். அப்பா ரயிலோட்டியாக இருக்க, பையன் ரயிலைக் கொண்டுபோய் மாமனாருக்குக் கொடுத்தது அவருக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. மாதா மாதம் பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர், போன பௌர்ணமியன்று மேஜையருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருசப்பன் பொத்தானை அழுத்த, இன்ஜின் கிளம்பியது. தசரதன் காதைக் கிட்டே கொண்டுபோனார்.

“சம்பந்தி, வண்டி நல்லாத்தான் கீது. ஆனா இது இன்ஜின் சத்தமில்ல. பேட்டுல கொசு மாட்டிக்கினா கத்துமே, அந்தச் சத்தம்.”

மகள் ரேவதி சிரித்தாள். மாறன் சிரித்தான். கஸ்தூரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அங்கே போய்ச் சிரித்தது கூடம் வரை கேட்டது. தசரதன் அதோடு விட்டாரா? அடுத்த வாரம் ஆரணியில் ஒரு கல்யாணப் பந்தியில், “எங்க சம்பந்தி வூட்ல கொசு எக்ஸ்பிரஸ் ஓடுது, பாத்தீங்களா?” என்று ரசம் ஊற்ற வந்தவரிடம்கூடச் சொன்னாராம். ரசம் ஊற்றியவர் அதைப் பந்தி முழுக்கப் பரிமாறிவிட்டார்.

அடுத்த பௌர்ணமிக்கு அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே வாயால், ‘இது டீசல்தான்’ என்று தசரதன் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இருசப்பன் ஆயுசுக்கும் கொசுக்காரர்தான்.

பந்திப் பேச்சு காதுக்கு எட்டிய மறுநாள் காலை குளித்து, விபூதி பூசி, ஒரு கோப்பைத் திறந்தார். ‘பொருள்: ஒரு சாண் இன்ஜினுக்கு ஒலிபெருக்கி கொள்முதல் செய்தல், தொடர்பாக. பார்வை: சம்பந்தி அவர்களின் வாய்மொழிக் கருத்து.’

முதல் விலைப்புள்ளி தேரடி வீதியில் ஒரு செல்போன் பழுதுபார்க்கும் கடை. செத்துப்போன போன்களின் ஸ்பீக்கர்களை டப்பா நிறையச் சேர்த்து வைத்திருந்த கடைக்காரர், “எது வேணுமோ அள்ளிக்கங்க” என்றார். அள்ளிக்கொள்வதற்கு விதியில் இடமில்லை. இரண்டாவது, இந்த மாதிரி இன்ஜின்களுக்கென்றே சாமான் விற்கும் பெங்களூருக் கடை. அதைப் போனில் தேடிப் பிடித்தார். மூன்றாவது ஆள் கிடைக்காமல் இரண்டு நாள் தவித்துவிட்டு, அடி அண்ணாமலையில் மைக் செட் வைத்திருக்கும் காசியிடம் போனார். கிரிவலப் பாதையில் எந்த அன்னதானப் பந்தலைப் பார்த்தாலும் கம்பத்தில் தொங்குவது காசியின் குழாய்தான். காணாமல் போனவர்கள் எல்லாம் அதன் வழியாகத்தான் கிடைப்பார்கள்.

“எத்தினி வாட் வேணும் சார்?”

“ஒன்னு.”

“ஒன்னா? என் ஆம்ப்ளிஃபயர் சும்மா குந்தினு இருக்கும்போதே அதவிட ஜாஸ்தி இரையும் சார்!”

“சும்மா ஒரு விலைப்புள்ளி எழுதிக் குடுப்பா. பட்டியலுக்கு மூணு வேணும்.”

காசி தன்னிடம் இருப்பதிலேயே சிறிய பெட்டிக்கு எழுதிக் கொடுத்தார். அது இடுப்பளவு உயரம். அதைத் தூக்க இன்ஜின் போதாது, ஆட்டோதான் வேண்டும். இருந்தாலும் இருசப்பன் அதையும் ஒப்பீட்டுப் பட்டியலில் முறையாக ஏற்றி, ‘அளவு பொருந்தாமை காரணமாக நிராகரிக்கப்படுகிறது’ என்று சிவப்பு மையில் எழுதினார். கிளம்பும்போது காசி ஒன்று சொன்னார்:

“போர்டுல எட்டு ஓம்னு போட்டிருந்தா எட்டே வாங்குங்க. நாலு வாங்குனா சத்தம் ஜாஸ்தி வரும்னு எவனாவது சொல்வான், நம்பாதீங்க. போர்டு புகைஞ்சிடும்.”

பெங்களூரிலிருந்து எட்டு ஓம் ஸ்பீக்கர் வந்தது. கூடவே சீட்டுக்கட்டு ஜோக்கர் போல, எதற்கென்று தெரியாத ஒரு குட்டிக் கறுப்பு டப்பா, மூடி இல்லாமல். சாமான் வந்தால் பிரி, சிப்பத்தை ஒதுக்கு: முப்பத்து நான்கு வருஷப் பழக்கம். இருசப்பன் டப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒதுக்கினார். ‘காலி டப்பா ஒன்று’ என்று கோப்பில் குறித்துக் கஸ்தூரியிடம் ஒப்படைத்தார். ஸ்பீக்கரைச் செல்போன் கடையில் கொடுத்துப் பற்றவைத்து, தண்டவாளத்தில் ஏற்றி ஓடவிட்டார்.

கொசுதான். முன்னைவிடக் கொஞ்சம் தேறிய கொசு.

பௌர்ணமிக்கு நாலே நாள். இன்ஜினைச் சப்பாத்தி டப்பாவில் வைத்து மூடிக்கொண்டு மறுபடி அடி அண்ணாமலைக்கு ஓடினார். காசி அதைக் காதருகே பிடித்துக் கேட்டார்.

“ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர் சார். பொட்டி எங்க?”

“என்ன பொட்டி?”

“ஸ்பீக்கர் முன்னாடியும் கத்தும், பின்னாடியும் கத்தும். ரெண்டும் மோதிக்கினா கனம் செத்துடும், கீச்சு மட்டும் மிஞ்சும். பின்னால போறத பொட்டில போட்டு அடைக்கணும், ஊசி நுழையற சந்துகூட இருக்கக் கூடாது. பெரிய பொட்டின்னா உள்ள பஞ்சுகூட வெப்போம்.”

இருசப்பனுக்கு உறைத்தது. காலி டப்பா என்று எழுதித் தள்ளியது பாதிச் சரக்கு!

வீட்டுக்கு வந்தபோது கஸ்தூரி பால் வாங்கப் போயிருந்தாள். சாமி அலமாரியில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் கறுப்பு டப்பா இருந்தது. எடுத்துப் பார்த்தார். உள்ளே பஞ்சு! ‘அடடா, கம்பெனிக்காரன் பஞ்சுகூட வெச்சே அனுப்பியிருக்கானே, நாமதான் கவனிக்கல’ என்று மனம் நெகிழ்ந்துபோனார். அப்படியே ஸ்பீக்கரை அதன் வாயில் பொருத்தி, சுற்றிலும் பசை தடவி, காற்று புகாமல் அடைத்து, இன்ஜினுக்குள் வைத்து மூடினார்.

பசை காய்ந்ததும் ஓடவிட்டார். உறுமல்! அடிவயிற்றிலிருந்து வரும் உறுமல். மேஜை மேலிருந்த டம்ளரில் தண்ணீர் நடுங்கியதாகக்கூட அவருக்குத் தோன்றியது.

“ஏங்க, என் மூக்குத்தித் திருகப் பாத்தீங்களா?” என்று கேட்டுக்கொண்டே கஸ்தூரி வந்தாள். “மரை தேஞ்சு கழண்டுக்கினே இருந்துதுன்னு, எடுத்து ஒரு சின்ன...”

இருசப்பன் ஹாரனை அழுத்தினார். அவள் மேலே சொன்னதெல்லாம் அதில் அடிபட்டுப் போயிற்று.

“நானா மூக்குத்தி போடறேன்? நல்லாத் தேடு. இதக் கேளு, இதக் கேளு!”

மூன்று நாளாக அவள் வீட்டையே புரட்டினாள். மூக்கு ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க ஒரு வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு நடமாடினாள். அந்த மூன்று நாளும் அவர் இன்ஜினை விட்டு நிமிர்ந்தால்தானே குச்சியைப் பார்க்க!

பௌர்ணமியன்று காலை தசரதன் வந்தார். அதே நாற்காலி. “கொசு எக்ஸ்பிரஸ் ரைட் டைமா?” என்று கேட்டார். இருசப்பன் பொத்தானை அழுத்தினார்.

முதல் சுற்று. உறுமல் கூடத்தை நிறைத்தது. தசரதன் முகத்தில் அசைவில்லை. இரண்டாவது சுற்றிலும் இல்லை. மூன்றாவது சுற்றில், வளைவில் திரும்பும்போது, உறுமலுக்கு நடுவே ஒரு சத்தம் புதிதாகக் கிளம்பியது. டக். டக டக. டக.

இருசப்பனுக்கு உயிரே போய்விட்டது. இத்தனை நாள் வராத சத்தம், வந்தால் இந்த நேரத்திலா வர வேண்டும்? நிறுத்தக் கையை நீட்டினார்.

“கை வெக்காதீங்க சம்பந்தி!” தசரதன் எழுந்துவிட்டார். குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “இது... இது என் வண்டி! மேடு ஏறும்போதெல்லாம் எங்கியோ ஒரு நட்டு இப்பிடியேதான் ஆடும். நானும் தேடித் தேடிப் பாத்தேன், கடைசி வரைக்கும் ஆப்படல. இந்த டக டக எவன் வண்டிலயும் கெடையாது. இது டீசல்தான் சம்பந்தி. அதுவும் என் டீசல்!”

இருசப்பன் நிமிர்ந்தார். ‘பார்வையில் கண்ட கருத்து திரும்பப் பெறப்பட்டது’ என்று மனசுக்குள் எழுதியே விட்டார். அந்த நேரம் பார்த்துக் காபியோடு வந்த கஸ்தூரி நின்றாள். காது கொடுத்துக் கேட்டாள். டக டக.

“ஏங்க, சாமி அலமாரில ஒரு கறுப்பு டப்பா இருந்துச்சே?”

“அது ஸ்பீக்கரோட டப்பா. கம்பெனிக்காரன் பஞ்சுகூட வெச்சி...”

“கம்பெனிக்காரனா வெச்சான்? நான் வெச்சேன். பஞ்சுக்குள்ள என் திருக வெச்சேன்!”

இருசப்பன் அப்போதுதான் அவள் மூக்கைப் பார்த்தார். வேப்பங்குச்சி. தசரதன் குச்சியைப் பார்த்தார், இன்ஜினைப் பார்த்தார். இருசப்பனின் கை தானாக ஸ்குரூ டிரைவரைத் தேடிப் போனது. தசரதன் குறுக்கே விழுந்தார்.

“சம்பந்தியம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும், அத மட்டும் பிரிக்கச் சொல்லாதீங்க. எடுத்துட்டா மறுபடியும் பொம்ம ஆயிடும்.”

“அப்ப நான் வேப்பங்குச்சியோட கிரிவலம் வரட்டுமா?”

“புதுத் திருகு நான் வாங்கித் தரேன். இப்பவே வாங்க, ஆசாரி கடைக்குப் போலாம்.”

“இருங்க, இருங்க,” என்றார் இருசப்பன். “தங்கச் சாமான். மூணு கடையிலயாவது விலைப்புள்ளி வாங்கணும்.” கோப்பிலிருந்து ஒரு புதுத் தாளை உருவி, ‘பொருள்: மூக்குத்தித் திருகு’ என்று எழுதி அடிக்கோடு போட்டார். மேஜையைச் சுற்றி இன்ஜின் டக டகவென்று ஓடிக்கொண்டிருந்தது. ‘பார்வை’ என்று எழுதிவிட்டு நிமிர்ந்தபோது கூடத்தில் யாருமில்லை. கேட்டுக்கு வெளியிலிருந்து கஸ்தூரியின் குரல் மட்டும் வந்தது:

“நீங்க எழுதி முடிக்கறதுக்குள்ள ஓட்ட தூந்துடும்!”