ஐடி கார்டு இல்லாமல் ஓடியவள்

போன வெள்ளிக்கிழமை காலை பிரேயர் முடிந்து வருகிறேன். வகுப்பு வாசலில் தர்ஷினியின் அம்மா இசக்கியம்மாள் நிற்கிறார். நைட் ஷிஃப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருக்கிறார்.

"டீச்சர், பிள்ளைக்கு டிசி வேணும். குன்றத்தூர்ல வேற ஸ்கூல்ல சேக்கப் போறேன்."

ஒரகடம் கம்பெனிகள் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் நான்காம் வகுப்பு டீச்சர் நான். எங்கள் மாதிரி சின்னப் பள்ளிகளில் ஒரு பிள்ளை டிசி வாங்கிப் போனாலும் பெரிய இழப்பு.

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"இங்கிலீஷ் நோட்டுல ஒரு கேள்வி பதிலும் இல்லயே! நீங்க போர்டுல எழுதிப் போட்டாத்தான அவ படிப்பா? ஏன், எதுக்குன்னு பிள்ளையளயே கேட்டுக்கிட்டு இருந்தா, அதுகளுக்கு என்ன தெரியும்?"

நியாயமான கோபம். இந்த வருஷம் பதில் எழுதிப் போடுவதை நிறுத்திவிட்டேன். பதில் தெரிந்துகொண்டே கேட்பது கேள்வியா? கம்பெனி கேட்டில் பையைத் திறந்து பார்ப்பார்களே, அது மாதிரி சோதனை... அவ்வளவுதான். யோசிக்க வைக்கிற கேள்வியாகக் கேட்போம் என்று ஆரம்பித்தேன். ஆனால் வீட்டில் பேசாத மொழியில் யோசி என்றால்? பாதி நாள் எனக்குக் கிடைத்த பதில், மௌனம். எனக்கே சந்தேகம்தான்.

"ஒரே ஒரு பீரியட் உக்காந்து பாருங்க. அப்புறமும் வேணும்னா தர்றேன்."

அரை மனதோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

போர்டில் ஒரு படம் வரைந்தேன். ரோட்டில் ஒரு பஸ். பின்னால் ஓடுகிற ஒரு பெண். "வொய் இஸ் ஷி ரன்னிங்?"

எல்லாரும் குனிந்து நோட்டைப் புரட்டினார்கள். இன்றைக்கா இப்படி?

ஒருவழியாக புவனேஷ் எழுந்தான். "பஸ்ஸு பூடும் டீச்சர்."

"இங்கிலீஷ்ல சொல்லு."

"பஸ் கோ. ஷி... மிஸ்!"

வகுப்பே ஆமாம் போட்டது. நானும் அதோடு முடித்திருப்பேன். தர்ஷினி கை தூக்கினாள்.

"நோ டீச்சர். நோ பேக். நோ ஐடி கார்டு. ஷி நோ கோ கம்பெனி."

அம்மா கழுத்தில் அப்போதும் ஐடி கார்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"தென் வொய்?" என்றேன்.

திணறினாள். கடைசி பெஞ்சில் இசக்கியம்மாள் பாதி எழுந்துவிட்டார். கையமர்த்தினேன். எனக்குள்ளும் பதற்றம்... நாமே எடுத்துக் கொடுத்துவிடலாமா?

"ஹேண்ட்... டிபன் பாக்ஸ். ஹஸ்பண்ட் ஃபர்கெட். ஷி ரன் அண்ட் கிவ்!"

திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் கையில் சதுரமாக ஏதோ இருந்தது. சத்தியமாக நான் வரைந்தது இல்லை. சரியாக அழிபடாத பழைய சாக்பீஸ் கறை!

புவனேஷ் விடவில்லை. "டிரைவர் நோ லுக்!"

"ஷி ஷவுட்!" என்றாள் தர்ஷினி. அவ்வளவுதான், ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். அத்தனையும் இங்கிலீஷ். அத்தனையும் தப்பு இங்கிலீஷ். அத்தனையும் அவர்களுடையது.

பீரியட் முடிந்ததும் இசக்கியம்மாள் என்னிடம் வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"கம்பெனி லைன்ல எழுதி மாட்டியிருக்க சேஃப்டி பாயின்ட் பூராவும் எனக்கு இங்கிலீஷ்ல மனப்பாடம் டீச்சர். ஒருநா வெளியில இருந்து வந்த ஆபீசர், மெஷின் நிக்கலன்னா என்ன செய்வேன்னு இங்கிலீஷ்ல கேட்டாரு. என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும். ஆனா நான் படிச்சதுல அந்தக் கேள்வி இல்ல. எல்லாரும் பாக்க, பேசாம நின்னேன். இவளும் அப்படி நின்னுரக் கூடாதுன்னுதான்..."

மகளைப் பார்த்தார். அவள் இன்னும் புவனேஷோடு டிரைவரைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"இவ நிக்க மாட்டா போல. டிசி வேண்டாம் டீச்சர். ஆனா அந்த கிராமரை மட்டும் கொஞ்சம் பாத்துக்கிடுங்க."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கிராமர் மெதுவாக வரட்டும். எனக்கு முதலில் மூச்சு வர வேண்டியிருந்தது... வந்துவிட்டது!